ஓட வந்தவர் நடந்த இருபது கிலோமீட்டர்

பேரன்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே! நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட விளையாட்டுத் துறைச் செயலாளர் அவர்களே! ஆடுகளத்தில் வியர்வை சிந்தி, இன்று முன்வரிசையில் வெள்ளை முடியோடு வீற்றிருக்கும் மூத்த வீரர்களே! பிள்ளைகளை விடியலில் எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பிய தாய்மார்களே, பின்னாலேயே செருப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தந்தையரே! நாளை விமானம் ஏறப்போகும் அறுபத்திரண்டு செல்வங்களே! உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

இவள் யார் என்று கேட்பீர்கள். நான் ஓடியவள் அல்லள், எறிந்தவள் அல்லள், தாண்டியவளும் அல்லள். விளையாட்டுச் சங்க அலுவலகத்தில் முப்பத்தோராண்டு தட்டச்சு செய்தவள். இந்த மேடையில் முழங்கிய தலைவர்கள் பலரின் உரைகளை அடித்துக் கொடுத்தவள். 'வியத்தகு' என்ற சொல்லை என் விரல்கள் எத்தனை ஆயிரம் முறை அடித்திருக்கும்? அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே உரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

உலக நாடுகள் கூடும் போட்டிக்கு நாம் முதன்முதலில் அனுப்பியது எத்தனை பேரை? ஒரே ஒருவரை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குத்துச்சண்டை வீரர். கப்பல் போய்ச் சேர்வதற்குள் அவருடைய எடைப்பிரிவின் போட்டியே முடிந்துவிட்டது. நிறைவு விழாவில் கொடியை ஏந்தி நடந்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை ஓட்டக்காரர்கள் இருவர், முதல் சுற்றிலேயே வெளியே. மூன்றாம் முறை ஒரு நீச்சல்காரர். அவருக்குக் குளிர் நாட்டில் காய்ச்சல் கண்டது, நீரில் இறங்கவே மருத்துவர் விடவில்லை. சிரிக்காதீர்கள் ஐயா. அந்த நால்வரும் போனதால்தான் இன்று அறுபத்திரண்டு பேர் போகிறார்கள்.

நான்காம் முறை நெருங்கியபோது மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. அதைச் சுற்றறிக்கையாக அடித்தவளே நான்தான். "இம்முறையும் எந்தவோர் இறுதிப்போட்டியின் முடிவுப் பட்டியலிலும் நம் நாட்டின் பெயர் இடம்பெறாவிடில், சங்கம் கலைக்கப்படும், இனி எவரும் அனுப்பப்பட மாட்டார்." இரண்டே வரிதான். 

அந்த முறை தேர்வானவர் ஒரு பெண். பேருந்து நடத்துநர். காலையில் இரண்டு நடை வண்டியில் சீட்டுக் கிழித்துவிட்டு, மாலையில் பணிமனைக்குப் பின்னாலிருந்த மண் மைதானத்தில் நானூறு மீட்டர் ஓடிப் பழகியவர். வயதில் எனக்கு மூன்றாண்டு மூத்தவர், எனக்கு என்றும் அக்கா. அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள். போதும், உட்காரு என்று கையைக் காட்டுகிறார். அக்கா, பேருந்தில் உங்கள் பேச்சுக்குக் கட்டுப்படலாம், மேடையில் முடியாது.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது. அசல் தாள் கோப்பை விட்டு வெளியே போகக் கூடாது. போட்டி நடத்துகிறவர்களுக்கும் கார்பன் படிதான் போகும். நுழைவுப் படிவத்தை மூன்று படிகளாக அடித்தேன். மூன்றிலும் அக்கா கையெழுத்திட்டார், உறையில் வைத்து அனுப்பினேன். அனுப்பிய படியில் கார்பன் தாள் ஒரு வரி நழுவியிருந்தது. நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு நேரே விழவேண்டிய குறி, அதற்கு அடுத்த வரியில் விழுந்திருந்தது. அடுத்த வரி என்ன தெரியுமா? இருபது கிலோமீட்டர் நடைப்போட்டி!

அங்கே போய் இறங்கிய பிறகுதான், அக்காவோடு போன அணி மேலாளர் அண்ணன் பட்டியலைப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாற்ற வழியில்லை, நுழைவு முடிந்துவிட்டது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "அண்ணே, எப்படி நடக்கணும்னு சொல்லிக்குடுக்க இங்க யாராவது இருப்பாங்களா?"

வேறு நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இரங்கி வந்தார். விடுதியின் நீண்ட தாழ்வாரத்தில் பதினோரு நாள் பயிற்சி. நடைப்போட்டியின் விதி கொடியது, தோழர்களே. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். ஊன்றிய காலின் முட்டி மடங்கக் கூடாது. மீறினால் நடுவர் சிவப்புக் குறி இடுவார். மூன்று குறி விழுந்தால் வெளியேற வேண்டியதுதான். வாழ்நாளெல்லாம் ஓடப் பழகிய உடம்பிடம் ஓடாதே, ஓடாதே, ஓடாதே என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களால் முடியுமா? என்னால் மாடிப்படி ஏறவே முடியவில்லை.

போட்டி நாள். இங்கே எங்களுக்குக் காலை பதினொரு மணி. மேலாளர் அண்ணன் செய்தியாளர் பகுதியில் ஒரு தொலைபேசியைக் கெஞ்சி வாங்கி, அலுவலகத்துக்குப் பேசினார். கையிலிருந்த கோப்புகளை அப்படியே போட்டுவிட்டு ஒன்பது பேர் ஒரே தொலைபேசியைச் சுற்றி நின்றோம். நாற்பத்தொரு பேர் புறப்பட்டார்கள். ஐந்தாம் கிலோமீட்டரில் அக்காவுக்கு முதல் சிவப்புக் குறி. பதினாறாம் கிலோமீட்டரில் இரண்டாவது. முன்னால் போனவர்கள் முடித்துக் குளித்து உடை மாற்றிவிட்டார்கள். இரண்டே கால் மணி நேரத்துக்குள் கோட்டைத் தொடாதவர் பெயர் பட்டியலில் ஏறாது.

அரங்க வாயிலுக்குள் அக்கா நுழைந்தபோது மிச்சமிருந்தது இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. கடக்க வேண்டியது ஒரு முழுச் சுற்று. எவ்வளவு தூரம்? சொல்லுங்கள்! ஆம், நானூறு மீட்டர்! அவர் ஒரே நிமிடத்தில் ஓடி முடிக்கும் நானூறு மீட்டர். ஓடினால் நேரம் மிஞ்சும், மூன்றாம் குறி விழும். நடந்தால் குறி விழாது, நேரம் போதுமா என்று எவருக்கும் தெரியாது. அவருடைய காலில் அந்த ஓட்டம் இருக்கிறது. அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஒரு நடுவர் குனிந்து பாதத்தையே பார்த்தபடி பக்கத்திலேயே வருகிறார். அண்ணன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். "நடக்குறாம்மா... இன்னும் நடக்குறா... ஓடல."

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்கிறீர்கள், பதக்கம் கிடைத்ததா என்று. தம்பி, நாற்பத்தொரு பேரில் நாற்பத்தோராம் இடம். நான்கு விநாடி மிச்சம் இருந்தது. மறுநாள் வந்த தொலைநகலில், இறுதிப்போட்டி முடிவுப் பட்டியலின் கடைசி வரியில், நம் நாட்டின் பெயர் இருந்தது. நாங்கள் ஒன்பது பேரும் அந்தத் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சங்கம் கலையவில்லை. அதன்பின் ஆறு போட்டிகள் கண்டோம், இரண்டு வெண்கலமும் ஒரு வெள்ளியும் கொண்டோம்.

இருபத்தெட்டு ஆண்டுகள் என் பிழையை நான் யாரிடமும் சொல்லவில்லை. சங்கம் யோசித்துச் செய்த ஏற்பாடு என்றே ஊர் நம்பியது. இந்த மேடைக்கு அழைப்பு வந்ததும் மனம் உறுத்தியது. சென்ற வாரம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே சொன்னேன். "அக்கா, அந்தக் குறி தப்பா விழுந்தது என்னாலதான். கார்பன் நழுவிடுச்சு. மன்னிச்சிடுங்க."

அவர் துணியை உதறியபடியே சொன்னார். "தெரியுமே. கையெழுத்துப் போடும்போதே பார்த்தேன்."

"அப்பவே ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு உங்க ஆபீஸ்ல என்னை மூணு மணி நேரம் காக்க வெச்சீங்க. படிக்கிறதுக்கு அங்க விதிப் புத்தகம் ஒண்ணுதான் கிடந்துச்சு. நானூறுல நான் முதல் சுத்தைத் தாண்ட மாட்டேன்னு எனக்குத் தெரியும். நடைக்கு முதல் சுத்தே கிடையாது, எல்லாரும் நேரா இறுதிப்போட்டிதான். முடிச்சா பேரு பட்டியல்ல வந்துடும். உன்கிட்ட சொல்லியிருந்தா நீ திருத்தியிருப்பே."

"பழக்கமே இல்லாம எப்படிக்கா துணிஞ்சீங்க?"

அவர் கடைசித் துணியையும் கொடியில் போட்டார். "ஓடினா நம்ம நாட்டுப் பேரு ஒரு நிமிஷம் தெரியும். நடந்தா ரெண்டு மணி நேரம் தெரியும்ல?"

செல்வங்களே! அந்த இரண்டு மணி நேரத்தின் மேல்தான் நீங்கள் நிற்கிறீர்கள். பிழை என்னுடையது, நடை அவருடையது, நாடு நம் எல்லோருடையது. முதலில் வந்தாலும் வாருங்கள், முப்பதாவதாக வந்தாலும் வாருங்கள், கோட்டைத் தொட்டுவிட்டு வாருங்கள். எழுந்து நின்று அந்த மூன்றாம் வரிசையைப் பாருங்கள். இவரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

பிழை செய்தவளையும் மேடையேற்றிய பெருந்தன்மைக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கடிகாரத்தை மறந்துவிட்ட செயலாளர் அவர்களுக்குத் தனி நன்றி. அக்கா, உங்களுக்கு நன்றி சொல்ல நான் அடித்துப் பழகிய சொற்கள் எதுவும் போதவில்லை. வணக்கம் மட்டும் சொல்லி அமர்கிறேன்.