மணிக்கு ஒரு தடவை

என் வீட்டில் ரேடியோ கிடையாது. ரேடியோ நிலையத்தில் பத்தொன்பது வருடம் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருப்பவன் வீடு திரும்பியதும் கேட்க விரும்புவது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் விசாரணை அறிக்கையை வாசித்தேன். கைத்தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் இத்தனை வருடத்தில் என் அட்டவணையில் ஒரு பாட்டுகூட இடம் மாறியதில்லை. அந்தச் சொல்லை மாற்றச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் காலை அறிவிப்பாளரின் குரல் ஊருக்கே தெரியும். "எட்டு மணி. அப்பா, மாத்திரை போட்டுக்குங்க" என்பாள். நேயர்கள் தங்களுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவரவர் மாத்திரையை விழுங்கினார்கள். உண்மையில் அது அவளுடைய அப்பாவுக்கு. அவருக்குக் கண் தெரியாது. மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்பதும் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். இதயத்துக்கான மாத்திரை, நாளுக்கு ஒன்றே ஒன்று.

ஒருமுறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பெரியவர் மாத்திரைக் குப்பியை என் காதருகே குலுக்கிக் காட்டினார்.

"எனக்குக் கடிகாரம் எதுக்கு தம்பி? பெத்து வச்சிருக்கேனே ஒரு கடிகாரம். அவ சொன்னா ஒண்ணு போடுவேன். சொல்லலைன்னா தொடமாட்டேன்."

"நான் லீவு போட்டா?" என்றாள் அவள்.

"வீட்ல இருந்து கத்துவே. அதுக்கு ரேடியோவே தேவலை."

மூவரும் சிரித்தோம்.

பிறகு முதலாளி நிலையம் நடக்கும் முறையை மாற்றினார். பேச்சுக்கு விளம்பரம் வரவில்லை. இனி நாள் முழுக்கப் பாட்டு, கணினியே போட்டுக்கொள்ளும். இடையிடையே பதிவு செய்த ஒரே குரல், அவருடைய எல்லா ஊர் நிலையங்களுக்கும் அவளுடைய குரல். அதற்கு அவள் தலைமை நிலையத்துக்குக் குடிபோக வேண்டும். அந்த வீட்டுச் சுவர்களைத் தடவித்தான் அப்பா நடமாடுகிறார், வேறு வீடு அவருக்கு ஆகாது என்று மறுத்துவிட்டாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு போகலைன்னா நீங்களும் வேண்டாம் சார். பாட்டு தானா ஓடுது, பொறுப்பாளர் எதுக்கு?"

நியாயமான கேள்விதான்.

புது முறை தொடங்குவதற்கு முந்தின நாள் அவள் என்னிடம் வந்தாள். "அண்ணா, 'அப்பா, மாத்திரை போட்டுக்குங்க'ன்னு பதிவு பண்ணின வரி எட்டு மணிக்கு மட்டும் வரட்டும். மறுபடி வந்தா அப்பா மறுபடியும் போட்டுடுவாரு."

"கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். கணினியில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: நாளுக்கு ஒரு தடவை, மணிக்கு ஒரு தடவை. நான் இரண்டாவதில் குறியிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கே எங்கள் ஊருக்கான மற்ற பதிவுகளைப் பேச அவளை ஒலிப்பதிவு அறைக்கு அனுப்பினேன். அங்கே கைபேசி கூடாது, அது எல்லோருக்கும் உள்ள விதி. வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த அறையில் ஒலிபரப்பு கேட்கும் பெட்டியையும் அணைத்தேன். கவனம் சிதறக் கூடாது அல்லவா?

எட்டு, ஒன்பது, பத்து. ஒரு நொடி பிசகாமல் அந்த வரி வந்தது. பதினோரு மணிக்கு ஒரு நேயர் கூப்பிட்டார்.

"என்ன சார், எத்தனை தடவை மாத்திரை போடச் சொல்றீங்க? மருந்துக்கடைக்காரன் உங்க மச்சானா?"

"புதுசு சார். பழகிடும்" என்றேன்.

பன்னிரண்டரைக்கு இழுப்பறை அதிர்ந்தது. பெரியவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பக்கத்து வீட்டு அக்கா. ஒன்பது தடவை கூப்பிட்டார். கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் அன்று அருமையாக இருந்தது. நடுவில் நிறுத்த மனம் வரவில்லை. நான்கு மணிக்குச் சொன்னேன். மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். மூன்றரை வரை உயிர் இருந்ததாம். மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அடுத்த வாரம் அவள் தலைமை நிலையத்துக்குப் போகிறாள். பெட்டி கட்ட நான்தான் உதவுகிறேன். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சு. நீங்க மனசு ஒடிஞ்சிடாதீங்க அண்ணா" என்று அழுதாள்.

அறிக்கையைத் திருத்துங்கள். ஆனால் அவளிடம் காட்ட வேண்டாம். அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிறாள். மிச்சமிருக்கும் ஒரே அண்ணனையும் அவளிடமிருந்து பறிக்கிற அளவுக்கு நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை என்று நம்புகிறேன்.