நாக்கைப் பார்த்து ஊசி எடுத்த எங்கள் சொர்ணலதா அம்மாவுக்கு

அன்பில் ஆழமும் அளவில் கண்டிப்பும் கொண்டவரே, ஐஸ் பிளாஸ்க்கைக் கைப்பிள்ளை போல அணைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு விரைந்தவரே, எங்கள் மதிப்புக்கும் மனத்துக்கும் உரிய சொர்ணலதா அம்மா அவர்களே,

தேனி முல்லைக்கரை அறக்கட்டளை மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி, 2009 மே மாதத்தின் கடைசி நாளான இன்று தாங்கள் விடைபெறுகிறீர்கள். இந்த விழாவுக்கு உங்களைச் சம்மதிக்கவைக்கவே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "எனக்குப் பாராட்டெல்லாம் வேணாம் பொன்னுராசு. பாராட்டுற மாதிரி நா என்னத்தச் செஞ்சுட்டேன்?" என்றீர்கள். உங்களிடம் வேலை பழகி உங்களருகிலேயே வேலை பார்க்கும் பொன்னுராஜ், "நடந்தத மட்டும் எழுதுறோம்மா, ஒரு வார்த்தை கூட்ட மாட்டோம்" என்று கையடித்துக் கொடுத்த பிறகுதான் தலையசைத்தீர்கள். ஆகவே இம்மடலில் சந்தனமும் சாமந்தியும் சற்றுக் குறைவு. பொறுத்தருள வேண்டும்.

நரம்பு தெரியாத முதியவர் கையிலும் நடுங்கும் கர்ப்பிணி கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கும் உங்கள் திறமையைப் பள்ளத்தாக்கே அறியும். வீரபாண்டித் திருவிழா நாளில் ஊரே தீச்சட்டியோடு கோயிலுக்குப் போக, அந்த ஊர்க்காரரான நீங்கள் கூட்டத்துக்கு எதிராக நடந்து வேலைக்கு வந்ததை நாங்கள் அறிவோம். ஆனால் உங்களை நினைக்கும் எவரும் முதலில் சொல்வது வேறொன்று. வளர்ச்சி ஹார்மோன் சோதனைக்கு வரும் பிள்ளைகளிடம், ஒவ்வொரு முறை ஊசியை எடுக்கும் முன்பும், "எங்க, நாக்க நீட்டு தங்கம்" என்பீர்கள். பிள்ளைகள் சிரிக்கும். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

அந்தச் சோதனை மற்றவை போன்றதல்ல. வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளையை வெறும் வயிற்றோடு உட்காரவைத்து, மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒரு முறையாக நான்கு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். இடையில் இனிப்பாக எது உள்ளே போனாலும் அந்த ஹார்மோன் அடங்கிவிடும்; சோதனை பொய் சொல்லும். அளந்து பார்க்கும் இயந்திரம் நம்மிடம் இல்லாததால், ரத்தத்தின் தெளிந்த நீரைப் பிரித்துப் பனிக்கட்டிக்குள் வைத்து மதுரைக்கு அனுப்புவோம். குறைவென்று தெரிந்தால் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட்டுப் பிள்ளையை வளரவைக்கலாம். இத்தனையும் ஒரு பிள்ளை பசி பொறுப்பதை நம்பி நடக்கிறது. ஒரு தாய் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் நம்பித்தான்.

பத்தாண்டுகளுக்கு முன் பண்ணைப்புரத்திலிருந்து ஈஸ்வரபாண்டியும் அவர் மனைவி மூக்கம்மாளும் தங்கள் மகள் ஓவியாவை அழைத்து வந்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளை, பார்வைக்கு ஆறு வயது. முதல் மூன்று ஊசிக்கும் வீறிட்டு அழுதது. நான்காவதற்கு அழவில்லை, உங்களைப் பார்த்துச் சிரித்தது. நீங்களும் மகிழ்ந்துபோய்க் கன்னத்தைத் தட்டினீர்கள். அப்போதுதான் பார்த்தீர்கள், பிள்ளையின் நாக்கு கருநீலமாக இருந்தது.

"ஆத்தா, பிள்ளைக்கு என்ன குடுத்தே?"

"பச்சத் தண்ணிகூடக் குடுக்கலம்மா," என்றார் மூக்கம்மாள், புருஷன் முகத்தைப் பார்த்தபடி.

அதே ரத்தத்தில் சர்க்கரை பார்த்தீர்கள், ஏறியிருந்தது. இது செல்லாது, அடுத்த வாரம் திரும்ப எடுக்க வேண்டும் என்றீர்கள். ஈஸ்வரபாண்டிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாலு தடவ குத்தி உருவிட்டு, அம்புட்டையும் கீழ ஊத்தப் போறீகளா? அவதான் குடுக்கலைங்கிறாள்ல. நீங்க என்ன போலீசா, நாக்கப் பாத்துக் கண்டுபிடிக்க?" பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் விடவில்லை. விடுமுறையில் இரண்டு முறை பண்ணைப்புரத்துக்கே போனீர்கள். "எங்க அத்த இம்புட்டுத்தான் இருந்தாக. அவுகளுக்கு எவன் ஊசி போட்டான்?" என்று வாசலிலேயே மறித்துத் திருப்பியனுப்பினார் அந்த மனிதர். மூன்றாவது முறை நீங்கள் போகவில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து ஓவியாவே தாயை இழுத்துக்கொண்டு வந்தாள் என்று சொல்லலாம், அவ்வளவு பிடிவாதம். காவலர் வேலைக்குப் போக வேண்டுமென்பது அவள் கனவு. உயரம் போதாது என்று பள்ளியில் யாரோ சொன்னதும் ஓடி வந்திருந்தாள். இம்முறை நாக்கு சுத்தமாக இருந்தது. சோதனை முடிவும் தெளிவாக வந்தது: ஹார்மோன் மிகக் குறைவு, உரிய வயதில் ஊசி போட்டிருந்தால் வளர்ந்திருப்பாள். கூடவே எடுத்த எலும்புப் படத்தைப் பார்த்து மதுரை மருத்துவர் சொன்னார், எலும்பு முனைகள் மூடிவிட்டன, இனி வளர வழியில்லை.

அன்று இந்தக் கூடத்தில் மூக்கம்மாள் உங்கள் முன்னால் நின்றார். "புருசன் வேல பாக்குற தோட்டத்துப் பன்னீர்த் திராட்ச. மடியில கட்டிக் கொண்டாந்தேன். பிள்ள பசியில துவண்டுச்சு, பொறுக்க முடியல. நாலாவது ஊசிக்கு முன்னாடி ஊட்டிட்டேன். அதனாலயாம்மா?"

பொன்னுராஜ் உங்களுக்குப் பின்னால் நின்று, இல்லையென்று சொல்லும்படி கண்ணைக் காட்டினார். நாங்கள் எல்லோருமே அந்தப் பொய்யை எதிர்பார்த்தோம். சொல்லியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை என்றும் நினைத்தோம்.

"ஆமா மூக்கம்மா," என்றீர்கள். "அன்னைக்கு அந்த ரத்தத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாமப் போச்சு. ஆனா உங்கள மறுபடி வரவச்சிருக்கணும். மூணாந் தடவையும் நா வந்திருக்கணும். வரல."

மூக்கம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சில நாள் கழித்து அவரே திரும்பி வந்து, "அந்தப் பிள்ளைக உக்காருற பெஞ்சுல எனக்கும் ஒரு எடம் குடுங்க. கூலி குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி" என்றார். அன்றிலிருந்து அவர் நம் உதவியாளர். சோதனைக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும், "மடிய அவுத்துக் காட்டு தாயி. நானும் இப்படித்தான் ஒளிச்சு வச்சேன்" என்பார். முறுக்கும் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் சன்னலோரத் தட்டுக்கு வந்து சேரும். நான்காவது ஊசி முடிந்ததும் தட்டைத் தாயின் கையில் கொடுத்து, "இப்பக் குடு, அள்ளி அள்ளிக் குடு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதையெல்லாம் இம்மடலில் விட்டுவிடலாமென்றே நினைத்தோம். மூக்கம்மாள்தான் தடுத்தார். "விட்றாதீக. நா ஊட்டுனத எழுதாட்டி, அவுக எதுக்கு நாக்கப் பாக்குறாகன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா, உங்கள் கையால் சோதிக்கப்பட்டு, உரிய காலத்தில் ஊசி போட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர். மீசையோடும் தாவணியோடும் நன்றி சொல்ல வந்து, நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவர்களிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டே நெடுநேரம் நிற்பீர்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவிலும் நீங்கள் ஒருத்தியைத்தான் தேடினீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு எங்களிடம் ஆறுதல் இல்லை. அது உங்கள் தவறல்ல என்று சொன்னபோதெல்லாம் நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இனியும் சொல்ல மாட்டோம்.

ஓவியா இன்று உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். கம்பம் பேருந்தில் புது நடத்துநர் எவரும் அவளுக்கு அரை டிக்கெட்தான் கிழிப்பார். "முழுசாக் கிழிங்கண்ணே, ஓட்டுப் போட்ட விரலு இது" என்று மையைக் காட்டுவாள், பேருந்தே சிரிக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாமலிருந்ததைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

இம்மடலை வாசிக்க அவளைத்தான் கேட்டோம். "வாசிக்கேன். ஆனா சொர்ணலதாம்மா என்னப் பாத்து அழக்கூடாது" என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டுக்காரர் ஐயா மறைந்தபின் வீரபாண்டி வீட்டில் நீங்கள் தனியாக இருக்கப் போகிறீர்கள் என்பதே எங்கள் கவலை. நோயின்றி, நொடியின்றி, நெடுநாள் நலமோடு வாழ வேண்டும். காலையில் கை பரபரத்தால் இங்கே வந்துவிட வேண்டும். நீங்கள் உட்காரும் அந்தச் சன்னலோர நாற்காலி என்றும் உங்களுக்கே. பிள்ளைகளை நாக்கை நீட்டச் சொல்ல நாங்களும் மறக்க மாட்டோம்.

இத்துடன் மடலை முடித்திருந்தோம். வாசித்துப் பழகிய ஓவியா, அடியில் தன் கையால் சில வரிகள் சேர்த்துவிட்டாள். அவற்றை அழிக்க எங்களுக்கு மனமில்லை; மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டபோதும் அப்படியே விட்டிருக்கிறோம்.

"சொர்ணலதாம்மா, எங்கம்மாவும் கேட்டுக்கட்டும். மொத மூணு ஊசியும் ரொம்ப வலிச்சுச்சு. நாலாவது வலிக்கல. வாயில திராட்ச இருந்துச்சு."

என்றும் உங்கள் அன்பில்,
பொன்னுராஜ், மூக்கம்மாள் மற்றும் பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்,
முல்லைக்கரை அறக்கட்டளை மருத்துவமனை, தேனி.