ஏஞ்சல் எழுதிய ஒரு வரி

பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாடுவரை தடுமாறாமல் சொல்வேன் சார். பையன் கணக்கில் தவறிவிட்டான் என்று என் வக்கீல் சொல்வார். அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கலின் ஷட்டரைத் தானாகத் திறக்கும் பெட்டியை உத்திரமேரூரில் ஏழு பேர் சேர்ந்து செய்கிறோம். அதன் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், ஓடும் டிரைவர் என்ற நிரல் நான் எழுதியது. எத்தனை நீர்மட்ட அளவீடுகள் வருகின்றனவோ, அந்த எண்ணிக்கையை முப்பத்திரண்டால் பெருக்கி, அத்தனை பைட் நினைவகம் கேட்கும். பெருக்கிய விடைக்கு நான் ஒதுக்கியது பதினாறு பிட்; 65,535க்கு மேல் அதில் அடங்காது. 2,050 அளவீடு வந்தால் 65,600 பைட் வேண்டும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் முழுச்சுற்று முடிந்து மறுபடி தொடங்குவதுபோல, விடை 64 என்று நிற்கும். அந்தச் சின்ன இடத்தில் அத்தனையையும் கொட்டினால் பக்கத்து நினைவகம் அழிந்து பெட்டி நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்தவள் எங்கள் ஏழு பேரில் ஒருத்தியான ஏஞ்சல். எங்கள் ஊர் ஏரியில் தண்ணீரைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டியான ஜானின் மகள். அவர்கள் எங்கள் நிலத்தில் வேலை செய்த குடும்பம்.

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "வினோத், அடமழையில எண்ணிக்கை ஏறும். பெட்டி நின்னுபோச்சின்னா எங்க நைனாதான் எறங்கி கையால தொறக்கணும். பெருக்கறதுக்கு முன்னாடி அடங்குமான்னு பாக்கணும். ஒரு லைன் எழுதிகீறேன், சேத்துக்கோ."

சரியான வரிதான். சேர்த்தேன். பெட்டியை மாட்டுவதற்கு முந்தின நாள் எடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பகல் பதினொரு மணிக்குப் பெட்டி நின்றது. நான் கரையில்தான் இருந்தேன். ஜான் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"தள்ளி நில்லுங்க சின்னய்யா, வழுக்கிக்கினு கீது" என்றான்.

ஷட்டரைத் திருகித் திறந்தும் விட்டான். ஊர் தப்பியது. கால் வழுக்கி அவன் வெள்ளத்தோடு போனான். எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிவரை தோளில் சுமந்து ஓடியவன் அவன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற தகப்பன் போனபோதுகூட நான் இப்படி அழவில்லை.

வரியை ஏன் எடுத்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். ஏஞ்சலின் அம்மா எது வேண்டுமானாலும் எங்கள் தோட்டத்து வாசலில் வந்து நின்று கேட்பாள். நாங்கள் இல்லையென்று சொன்னதே கிடையாது. மகளும் அப்படி வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், உடனே போட்டுவிடலாம் என்று இருபது நாள் காத்திருந்தேன். வரி இல்லாததை அவள் பார்த்துவிட்டாள். மூன்று முறை மெசேஜ் போட்டாள். மெசேஜ் போடத் தெரிந்தவளுக்கு நேரில் வரத் தெரியவில்லை.

வந்திருந்தால் ஜான் இன்றைக்கு இருந்திருப்பான் சார்.