பேச்சிலிருந்த ‘ஆகவே’

பிறர் உரையாடலைச் செவிமடுப்பது என் வழக்கமன்று. ஆயினும் சுவிட்சர்லாந்தில் டீட்டிகோன் செல்லும் ரயிலில், எதிர் இருக்கையிலிருந்த இளைஞன் தன் அருகிருந்த பெண்ணிடம் கூறிய ஒரு வாக்கியம் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

“கடவுளோட எனக்குப் பிரச்சினை இல்லை. இந்த ஆளின்ர ‘ஆகவே’யோடதான் பிரச்சினை.”

இறைநம்பிக்கை பற்றிய புகழ்பெற்ற பேச்சொன்று அவன் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. நம்மவர் வீடுகளில் அதைக் கேளாதவர் அரிது. அவளுடைய தந்தைதான் அதை அனுப்பியிருந்தார். பெண் கேட்டு முதன்முறையாக வீட்டுக்கு வருபவன் அதுபற்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டுமாம்.

“பாலம் கட்டினவரைக் காணாமலே பாலத்தில போறம், ஆகவே கடவுளை நம்பு எண்டுறார். பாலம் கட்டினவரை நகரசபையில விசாரிக்கலாமே!”

“மெதுவா, சனம் பாக்குது.”

“கோடிப்பேர் நம்பினபடியா உண்மையாம். கோடிப்பேர் இந்த உருக்கின சீஸ் ஃபொண்டூவும்தான் நல்லமெண்டு சொல்லுகினம்!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“அப்பாட்ட இப்பிடிக் கதைச்சா கலியாணம் இல்லை. ‘அருமை’ எண்டு மட்டும் சொல்லும்.”

“ஒண்டில் அருமை, இல்லாட்டிக் கலியாணம் இல்லையோ? ரெண்டே வழிதான் எண்டுறது, பேச்சில அந்த ஆள் விட்ட மூண்டாவது பிழையும் அதுதான்!”

அப்போது தந்தையே அழைத்தார். அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

“தம்பி, பேச்சு எப்பிடி?”

“அருமை, மாமா. ஆனா… அந்தப் பாலம் கொஞ்சம் ஆடுது.”

அவள் அவன் கையை இறுகப் பற்றினாள். மறுமுனையில் தந்தையின் குரல் தாழ்ந்தது.

“எனக்கும் ஆடினதுதான். மாமிக்கு முன்னால மட்டும் சொல்லிப்போடாதையும், அதை அனுப்பச் சொன்னது அவதான். கெதியா வாங்கோ, இடியப்பம் ஆறுது.”