அட்ஜஸ்ட் என்னும் ஐந்தாவது ஆள்

இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்!

வணக்கத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், அவையோரே. பிந்தினால் வேறு யாராவது தான்தான் முதலில் சொன்னதாகக் கிளம்பிவிடுவார்கள். இனி முறைப்படி தொடங்குகிறேன்.

எம். புதுப்பட்டிப் பொங்கல் விழாவுக்குத் தலைமை தாங்கி, பந்தலுக்கும் பரிசுக்கும் பணம் தந்து, எனக்கு மட்டும் பத்தே நிமிடம் தந்திருக்கும் பட்டாசுக் கம்பெனி அதிபர், கொடைவள்ளல் நவநீதகிருஷ்ணன் அவர்களே! துண்டு போட்டு முன்வரிசை பிடித்த பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பேச்சை வாயிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! பாட்டுக் கச்சேரிக்காக என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! இசக்கிப்பாண்டியின் இனிய வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ஆங்கிலமும் நாமும். என்ன சிரிப்பு அங்கன? எட்டாம் வகுப்பை மூன்று ஆண்டுகள் ஆழ்ந்து படித்தவன் நான். இங்கே எம்.ஏ. முடித்தவர்கள் இருக்கீக. எந்த வகுப்பையாவது மூன்று முறை படித்தவர் உண்டா? அந்த எட்டாம் வகுப்பிலேயே எழுந்து நின்று சொன்னேன்: "ஐயா, இந்த அட்ஜஸ்ட் என்ற சொல் ஒருநாள் நம்மை உட்கார இடமில்லாமல் ஆக்கும்!" வாத்தியார் கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார். பெஞ்சு மேல் ஏற்றினார் என்று சிலர் சொல்வார்கள். பொறாமை.

அட்ஜஸ்ட்! லண்டன் மாநகரில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? சைக்கிள் சீட்டை ஏற்றுவது, கடிகார முள்ளைத் திருப்புவது. அங்கே திருகாணியைத் திருகினார்கள். இங்கே நாம் மனிதரைத் திருகுகிறோம்!

சாத்தூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு. நிற்கிறவர் சொல்கிறார், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க." நகர்ந்து இடம் கொடுக்கிறோம். அடுத்த நிறுத்தத்தில் இன்னொருவர் வந்தால், அதே மனிதர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறார்! போன வருடம் பிரஸ்ஸில் காலண்டர் அடிக்கக் கொடுத்தேன். முருகன் பச்சையாக வந்து நிற்கிறார். "ஏலே, என்னலே இது?" என்றால், "மயில் கலர் கொஞ்சம் ஏறிருச்சு, அண்ணாச்சி. ஒரு வருசந்தான, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்கிறான்! சொன்னவன் அசைந்தானா? கேட்டவன் நகர்ந்தான். அட்ஜஸ்ட் என்றால் இவ்வளவுதான், அவையோரே! சொல்லுகிறவர் சொகுசு, கேட்கிறவர் கஷ்டம்!

இருளாண்டி, மைக்கைக் கொஞ்சம் கூட்டு. இனிமேல்தான் விஷயம்.

எங்கேயோ ஒரு பட்டாசுக் கம்பெனி. பேர் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். அங்கே வெடிமருந்து அடைக்கிற ரூம். சுவரிலே பெயிண்டில் எழுதியிருக்கிறது, ஆள் நாலு என்று. ஏன் நாலு? ஏதாவது பொறி தட்டினால் ஓட வேண்டுமே! தீபாவளி சீசன், ஆர்டர் குவிகிறது. போர்மேன் ஐந்தாவதாக ஒரு பொண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறார். எங்கே உட்கார வைக்கிறார்? வாசலில்! ஓடுகிற வழியில்!

உள்ளே இருந்த ஒருத்தி எழுந்தாள்.

"ஏத்தா, லோடு நிக்கிது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்கிறார் போர்மேன்.

அவள் சொன்னாள்: "நான் பண்ணிக்கிறேன் அண்ணாச்சி. மருந்து பண்ணிக்கிருமா?"

தட்டுங்க கையை! இதுக்குமா யோசனை? சரி, போகட்டும்.

"வாய் பேசுறவளுக்கு இங்கன வேலை இல்லை" என்று அப்போதே அனுப்பிவிட்டார்கள். அவள் கேட்டை நோக்கி நடக்கிறாள். மற்ற நாலு பேரும் "போகாத தாயி" என்று பின்னாலேயே ஓடுகிறார்கள். அவர்கள் வேப்பமரத்தைத் தாண்டியதும், பின்னாலே... டமார்! ரூம் இருந்த இடத்தில் ரூம் இல்லை! உள்ளே ஒரு உயிர் இல்லை! ஏன் இல்லை? ஒருத்தி அட்ஜஸ்ட் பண்ண மாட்டேன் என்றதால் இல்லை!

ஆகா! இப்போ தட்டுறீக! தாய்மார்கள் கண்ணைத் துடைக்கிறீக. தலைவரே எழுந்து தட்டுகிறார்!

ஆனால் அவளுக்கு அதற்குப் பின் வேலை இல்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும், "அவளா? அட்ஜஸ்ட் பண்ண மாட்டாளே" என்கிறார்கள். அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டுமா, வேண்டாமா? சத்தமாகச் சொல்லுங்க! தலைவர் அவர்களே, நீங்க? மைக்கிலேயே சொல்லுங்க.

கேட்டீகளா? "என் கம்பெனியா இருந்தா மாலை போட்டுக் கூப்பிட்டிருப்பேன்" என்கிறார். வாழ்க!

இப்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த டமார் நான் சேர்த்தது.

வெடிக்கவில்லை. ரூம் முழுசாக நிற்கிறது. ஏன் முறைக்கிறீக? அவள் எழுந்து நின்றபோது தட்டாத கை, வெடித்ததும் தட்டியதே! பெத்த பிள்ளை உயிரோடு திரும்பி வந்தால் அது ஒரு செய்தியே இல்லையா? ஒருத்தி சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள, உங்களுக்கு ஒரு டமார் வேண்டுமா?

மற்றதெல்லாம் சத்தியம். அவள் என் அக்கா மகள் அழகுமீனா. அதோ, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறாள். கம்பெனி, தலைவர் அவர்களே, உங்களுடையது. போர்மேன் சங்கிலிமுத்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறார். எங்கன நழுவுறீக, அண்ணாச்சி?

மாலையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். நீங்க கேட்டை மட்டும் திறந்து வைத்தால் போதும். எந்தக் கிழமை என்பது உங்கள் வசதி. அதில் மட்டும் நாங்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறோம்!

பத்து நிமிடம் தந்தவருக்கும், பாட்டுக்காகப் பொறுத்தவருக்கும், பயந்து தட்டிய அத்தனை கைகளுக்கும் என் நன்றி! எல்லோருக்கும் வணக்கம்!