நூற்று எண்பது மீட்டர்

அணில் டுரியான் காயை முழுதாகத் தின்பதில்லை. ஓரிடத்தில் ஓட்டை போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போய்விடும். ஓட்டைக்குள் மழைத்தண்ணீர் இறங்கிப் பழம் உள்ளேயே அழுகும். குரங்கு அப்படியல்ல. கீழே விழுந்ததை உட்கார்ந்து பிளந்து தின்னும். இரண்டுக்கும் ஒரே தோட்டாதான்.

இன்ஸ்பெக்டர் விமலன், உங்கள் தாளில் என் தொழிலைத் தோட்டக் காவல் என்று எழுதியிருக்கிறீர்கள். காவலுக்கு அங்கே நேப்பாளிகள் இருக்கிறார்கள். நான் சுடுகிறவன். ரயில்வேயில் சிக்னல் டெக்னிஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். அதற்கு முன்பிருந்தே, இருபத்திரண்டு வருடமாக, ரவாங் மேட்டில், கிள்ளானில் இருக்கிற பழனியப்பன் செட்டியாரின் தோட்டத்தில் சுடுகிறேன். லைசென்ஸ் என் பெயரில். எஸ். சுகுமாறன்.

துப்பாக்கி பாயிண்ட் டூ டூ. தோட்டா பென்சில் நுனி அளவுதான். மரத்தைக் கெடுக்காது, சத்தம் அதிகம் இல்லை. நூறு மீட்டருக்கு மேல் அதை வைத்துச் சுடுவது வீண் என்று துப்பாக்கி கிளப்பில் சொல்வார்கள். நாங்கள் உட்கார்ந்து சுடும் குடிசையிலிருந்து எதிர்ச் சரிவு நூற்று எண்பது மீட்டர். அவ்வளவு தூரத்தில் தோட்டா நாலடி கீழே இறங்கிவிடும். இலை அசைகிற காற்றுக்கே ஒரு சாண் விலகும். போய்ச் சேர அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் அணில் தலையைத் திருப்பிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும்.

காற்றைப் பார்ப்பது என் கூட்டாளி சிவநேசன். எதிர்ச் சரிவில் மரத்துக்கு மரம் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றுத் துண்டு கட்டியிருந்தான். பைனாகுலரில் அதைப் பார்த்துச் சொல்வான். "நாலடி மேல. ஒரு சாண் இடது. போடு." அவன் போடு என்று சொல்லாமல் நான் விசையைத் தொட்டதில்லை. அது எங்கள் ஒழுங்கு. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒரே வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அவன் பண்டமாரானில் குடியேறித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். நூறடி உயரத்திலிருந்து கண்டெய்னரின் மூலையைப் பார்த்து இறக்குகிற கண் அவனுக்கு.

கடந்த இரண்டு வருடமாக அவன் பேச்சு கூடிவிட்டது. முன்பு மரத்தின் எண்ணைச் சொன்னால் போதும். பிறகு, "மூணாவது மரம்டா, கவட்டைக்கு வலப்பக்கம், கருப்பா இருக்கே அது இல்ல, அதுக்கும் கீழ" என்று நீட்ட ஆரம்பித்தான். வயதானால் எல்லோருக்கும் வாய் கூடும். நான் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாயின் விஷயம் உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். போன வருடம் பக்கத்துத் தோட்டத்து நாய் ஒன்று செத்தது. அது குரங்கு வருகிற நேரத்தில் குரங்கு வருகிற இடத்தில் நின்றது. அன்று சிவநேசன் சிறுநீர் கழிக்கப் போயிருந்தான், அந்த ஒரு முறை நானே போட்டேன். திரும்பி வந்து பைனாகுலரில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"குரங்குக்குக் கழுத்துல பட்டை கட்டி விட்டிருக்கானுங்க போல," என்றான்.

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு, "மாறா, ஒரு தடவ கண்ண காட்டிட்டு வந்துருவோம்லா. நானே கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

"ஒன் கண்ண காட்டுடா. நாய் வந்தத நீதான பாக்கல."

"நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன்டா."

"அதான் சொல்றேன். மொதல்ல அத போய்க் காட்டு."

அதற்குப் பிறகு அவன் ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் தோட்டா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்தேன்.

லைசென்ஸை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த முறை ஸ்டேஷன் கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் உட்காரச் சொன்னார். என்னைப் பற்றி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றார். கண் டாக்டரின் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் பத்து நாளில் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். கடிதத்தை என்னிடம் நீட்டினார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். படிக்கச் சொன்னேன். படித்தார். எழுதியவர் பெயரை மட்டும் மறைத்தார். "நான் இவருடன் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து காற்று சொன்னவன். இவர் இப்போது சுடுவதைப் பார்த்துச் சுடுவதில்லை. நான் சொல்வதைக் கேட்டுச் சுடுகிறார்." இதை எழுதக்கூடிய ஆள் பூமியில் ஒருவன்தான். போதும் என்றேன். இரண்டாவது பக்கம் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன்.

அந்த இரண்டாவது பக்கத்தை நேற்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள். கண் அறுவை சிகிச்சை முடிகிற வரை துப்பாக்கியை ஸ்டேஷனில் வைத்திருங்கள், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவருக்கு வேறு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறான். காட்டிக்கொடுக்கிறவனுக்கு இரண்டாவது பக்கம் எழுதுவது சுலபம். என்னிடம் நேராக வந்து சொல்லியிருக்கலாம். சொன்னான் என்கிறீர்கள். கேலியாகச் சொன்னான். அது சொன்னதாகாது.

எட்டு நாள் அவனுக்கு நான் போன் செய்யவில்லை. அவன் செய்தான், எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். துப்பாக்கியைத் துடைத்தேன். குறி சரியாக இருந்தது. கயிற்றுத் துண்டுகள் தெரிகிறதா என்று நீங்கள் கேட்டீர்கள். அன்று காற்றே இல்லை, கயிற்றுக்குத் தேவையும் இல்லை.

ஏழரை மணி போல எதிர்ச் சரிவில், மூன்றாவது மரத்தடியில் ஒன்று குனிந்தது. ஒருவன் குனிந்தான். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, இன்னொரு கையால் விழுந்த பழத்தைப் புரட்டினான். சிவநேசன் அப்படித்தான் குனிவான். கிரேன் வேலை அவன் இடுப்பை வாங்கிவிட்டது. அவன் என்று தெரிந்துகொண்டேன். நாலடி மேலே எடுத்தேன். போடு என்று நானே சொன்னேன். போட்டேன்.

ஒரே தோட்டா. இடது பக்கம், காதுக்குப் பின்னால் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். நூற்று எண்பது மீட்டரில், தனியாக, காற்று சொல்ல ஆள் இல்லாமல். கிளப்பில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முடியுமா என்று.

அவன் மனைவி தனலெட்சுமி வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார். அன்று பத்து மணிக்கு சுங்கை பூலோவில் கண் டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கி வைத்திருந்தானாம். நான் போன் எடுக்காததால் கையோடு கூட்டிப் போக வந்தானாம். மேட்டுப்பாதை மழையில் சரிந்துவிட்டதால் பைக்கைக் கீழே நிறுத்திவிட்டு எதிர்ச் சரிவு வழியாக ஏறி வந்தானாம். இருக்கலாம். அந்தப் பக்கமாக யாரும் வரக்கூடாது என்று விதி போட்டவனே அவன்தான். எனக்குக் கண் தெரியாது என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் அந்த வழியாக வந்திருப்பானா? துப்பாக்கியை நான் கொடுத்திருப்பேன் என்று நினைத்திருப்பான் என்கிறீர்கள். அது அவன் நினைப்பு.

இனி அந்தப் போன். நீங்கள் திரும்பத் திரும்ப அதற்கே வருகிறீர்கள். ஏழு முப்பத்தாறுக்கு நான் சிவநேசனுக்குப் போன் செய்திருக்கிறேன். எட்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக. அடுத்தடுத்து மூன்று முறை. சுட்டவன் செத்தவனுக்கு எதற்கு போன் போடுகிறான் என்பது உங்கள் கேள்வி. "அங்கிள், நீங்க கொரங்குன்னு நெனச்சிதான சுட்டீங்க? சொல்லிருங்க. கேஸே வேற," என்று நீங்கள் கேட்டபோது உங்கள் குரல் அன்பாக இருந்தது. வக்கீலும் அதையே சொல்கிறார். கவனக்குறைவு என்றால் சில வருடம். நோக்கம் என்றால் தூக்கு வரைக்கும் போகலாம்.

செத்துவிட்டானா என்று பார்க்கத்தான் போன் செய்தேன். அவ்வளவுதான்.

முதல் மணி எதிர்ச் சரிவிலிருந்து கேட்டது. அவன் போனில் கோயில் நாதஸ்வரம் வைத்திருந்தான். சரிவு முழுதும் கேட்டது. நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி அங்கேயே கேட்டது. மூன்றாவது முறை போனைக் காதில் வைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. நீ இல்லாமலே அடித்துவிட்டேன்டா, ஒரே தோட்டாவில் குரங்கை...

இந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். வாய் தவறிவிட்டது. இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். சுகுமாறன் ஆகிய நான், சிவநேசனைத் தெளிவாகப் பார்த்தேன். அவன்தான் என்று அடையாளம் கண்டேன். எனக்கு அவன் செய்த துரோகத்துக்காக, தெரிந்தே, குறி வைத்து, சுட்டுக் கொன்றேன்.

எனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு சொல் அந்தத் தாளில் இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். கொலை என்று எழுதுங்கள். போடுகிறேன்.