எல்லை தாண்டாத உரிமம்

— இந்த உறைய யார் பிரிச்சது, மிஸ் பிரானிகன்?

— நான்தான் பிரிச்சேன், மிஸ்டர் ஹாஸ்கெல். உள்ள கடிதம் சரியா இருக்கான்னு பாக்கத்தான்.

— பாக்க வேண்டியது நாங்க. உங்க பழைய மேற்பார்வையாளர், ஒட்டின வாய் மேல குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்காரு. அது இப்ப ரெண்டா கிழிஞ்சிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, கிழிஞ்சா செல்லாது.

— அதுக்கு?

— அவர்கிட்ட புதுசா வாங்கிட்டு வரணும். நீங்க மூவாயிரம் மணி நேரம் அவர் கண்காணிப்புல பயிற்சி எடுத்தீங்கன்னு.

— போன மாசம் அவரைப் புதைச்சாச்சு. அவர் கடைசியாப் போட்ட கையெழுத்தே இதுதான்.

— வருத்தமா இருக்கு மேடம். அப்ப இறப்புச் சான்றிதழ். அதுவும் ஒட்டின உறையில.

— அதுக்குக் குறுக்கே யார் கையெழுத்துப் போடுவாங்க? அவரா?

— நல்ல கேள்வி. உரிமக் குழுவுல வைக்கறேன்.

— நெப்ராஸ்கால இருபத்தொரு வருஷம் மனநல ஆலோசகரா இருந்திருக்கேன். மாநில எல்லையைத் தாண்டினதும் படிச்சதெல்லாம் மறந்துபோச்சா எனக்கு?

— மறக்கலைன்னு காட்ட ஒரு படிவம் இருக்கு. பச்சைக் கலர்.

— திங்கக்கிழமை இங்க ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேரணும். வீட்டை வித்துட்டு வந்திருக்கேன். உரிமம் இல்லன்னா அந்த வேலைய வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாங்க.

— பயப்படாதீங்க, குடுக்க ஆள் இல்ல. ரெண்டு வருஷமா இந்த மாவட்டத்துல ஒரு ஆலோசகர்கூடக் கிடையாது.

— அப்புறம் ஏன் இப்படி இழுத்தடிக்கறீங்க?

— தகுதியில்லாதவங்க கையில ஜனங்க சிக்கிடக் கூடாதுல்ல. 'பொதுமக்கள் பாதுகாப்பே எம் பணி.' சுவத்துல எழுதியிருக்கு பாருங்க.

— ரொம்பப் பாதுகாப்பாத்தான் இருக்காங்க. ஆஸ்பத்திரியில நூத்திப் பதினாலு பேர் காத்திருக்காங்களாம்.

— நூத்திப் பதினொண்ணு. போன வாரம் மூணு பேர் குறைஞ்சிட்டாங்க.

— குணமாயிட்டாங்களா?

— இல்ல மேடம்.

— ...குழு எப்பக் கூடும்?

— பனி உருகணும். தலைவர் ஏரிப் பனியில ஓட்டை போட்டு மீன் பிடிச்சிட்டிருக்காரு. ஏப்ரல்னு வெச்சுக்கங்க.

— நாலு ஜன்னல் இருக்கு. மத்த மூணும் ஏன் மூடிக் கிடக்கு?

— நாலு பேர் வேலைய நான் ஒருத்தன் பாக்கறேன். மேடம், சும்மா ஒண்ணு கேக்கட்டுமா? விடிகாலையில முழிப்பு வந்து, அப்புறம் கண்ணே மூட முடியலன்னா, அது வயசுக் கோளாறுதானே?

— எத்தனை நாளா?

— ஆகஸ்ட்லேருந்து. என் மனைவி டோரிஸைப் புதைச்சதுலேருந்து. முப்பது வருஷம் ஒரே வீடு. இப்ப சமையலறைக்குள்ள போறதே இல்ல.

— மிஸ்டர் ஹாஸ்கெல், இது பரீட்சையா? இதே ஜன்னல்ல ஒருத்தர்கிட்ட இப்படிப் பேச்சுக் குடுத்து, உரிமம் இல்லாம ஆலோசனை சொன்னாங்கன்னு மாட்டி விட்டீங்களாமே.

— அது நான்தான். அன்னிக்குச் சொன்னது பொய்க்கதை. இன்னிக்கு அப்படி இல்ல.

— இதையேதான் அவங்ககிட்டயும் சொல்லியிருப்பீங்க. நான் வாயைத் திறந்தா நெப்ராஸ்கா உரிமமும் போயிடும். உங்க விதிப் புத்தகத்துலயே இருக்கு. ஏப்ரல்ல வந்து கேளுங்க.

— விதி விதிதான்.

— காகிதத்தைக் குடுங்க. கிளம்பறேன்.

— உக்காருங்க மேடம். அந்த முத்திரைய இப்படித் தள்ளுங்க.

— என்ன பண்றீங்க?

— தற்காலிக உரிமம். தொண்ணூறு நாள். அவசரம்னா எழுத்தர் நானே குடுக்கலாம், குழு வேண்டாம்.

— இப்படி ஒண்ணு இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே.

— யாரும் கேட்டதில்ல. அவசரத்துக்குக் காரணம் எழுதணும், காரணம் கிடைக்கறது கஷ்டம். இந்தாங்க. இந்த நிமிஷத்துலேருந்து நீங்க இந்த மாநிலத்துல ஆலோசகர்.

— அப்படி என்ன காரணம் எழுதினீங்க?

— படிவத்துல கடைசிக் கட்டத்தைப் பாருங்க. சத்தமாப் படிங்க.

— 'விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட எழுத்தர், இன்று மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிய பின், தம் வண்டியிலுள்ள துப்பாக்கியோடு மலைக்குப் போக உத்தேசித்துள்ளார். திரும்பி வரும் உத்தேசம் இல்லை.'